பித்தை அளக்கும் கோல்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், வட்ட உறுப்பினரான மனநல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டு என்பது ஓர் இலக்கிய வட்டத்துக்குச் சிறிய வயதன்று. நாற்பது பேர் வந்த மாதத்திலும் ஏழு பேர் வந்த மாதத்திலும் ஒரே அக்கறையோடு கவிதையைப் பற்றிப் பேசிக் கலைந்த வட்டம் இது. அதன் நிறைவு விழாவில் பேசக் கிடைத்த வாய்ப்பைப் பெரும் பேறாகக் கருதுகிறேன்.

செயலாளர் எனக்குத் தந்த தலைப்பு 'கவிதையும் பித்தும்'. நம் மொழியில் பித்து என்னும் சொல்லுக்கு இழிவு மட்டுமே பொருளன்று. இறைவனையே பித்தன் என்று அழைத்த பக்தி மரபு நம்முடையது. புதுமைப்பித்தன் தம் புனைபெயரிலேயே அச்சொல்லை வைத்துக்கொண்டார். ஆகவே இத்தலைப்பில் பேச வரும் மருத்துவன், கவிதையின் ஊற்றுக்கண் பித்துத்தான் என்று சொல்லி உங்களை மகிழ்விப்பான் என எதிர்பார்த்திருப்பீர்கள். நான் தலைப்பைச் சற்றுச் சுருக்கிக்கொள்கிறேன். பித்தை அளக்க முடியுமா? எதைக் கொண்டு அளப்பது? அளந்து ஆகப்போவது என்ன? இம்மூன்று வினாக்களே என் உரை.

முதலில் ஒரு நிகழ்ச்சி. சம்பந்தப்பட்ட நண்பரின் இசைவைப் பெற்றே சொல்கிறேன். "பெயரை மட்டும் விட்டுவிடுங்கள், மற்றதை எல்லாம் சொல்லுங்கள்" என்றார் அவர். மூத்த உறுப்பினர் சிலருக்கு அவர் யாரெனத் தெரியும். அவர்கள் அதைத் தம்மோடு வைத்துக்கொள்வார்கள் என நம்புகிறேன்.

நம் வட்டத்தின் மூன்றாம் ஆண்டு. நண்பர் இரண்டு மாதத்துக்கு ஒரு கவிதை எழுதுபவர். ஒரு சொல்லுக்காக வாரக்கணக்கில் காத்திருப்பவர். அவருடைய கையெழுத்துப்படியில் அடித்தல் திருத்தல்தான் மிகுதியாக இருக்கும். அந்த மாதம் அவர் ஒரு குயர் நோட்டு முழுவதும் கவிதைகளோடு வந்தார். நான்கு நாளில் எழுதியவை என்றார். நோட்டில் ஓர் அடித்தல்கூட இல்லை. தோளில் இரண்டு பட்டுச் சால்வைகள். படிக்கத் தொடங்கியவர் சில கவிதைகளைப் பாடினார். பாடியபடியே அறையின் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். இடையிடையே நகைச்சுவை, கூட்டம் சிரித்தது. சங்க இலக்கியம் தொடங்கி இன்றுவரையுள்ள தமிழ் நூல்கள் அனைத்தையும் ஓராண்டில் தாமே அச்சிடப்போவதாகவும், அச்சகத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டதாகவும் அறிவித்தார். அதற்கெனத் தாம் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதாகவும் சொன்னார். நேரமாகிறது என்று நினைவூட்டிய தலைவரிடம் சினந்து குரலை உயர்த்தினார். எட்டு மணிக்கு முடிய வேண்டிய கூட்டம் பதினொரு மணிவரை நீண்டது.

நாம் என்ன செய்தோம்? கைதட்டினோம். "கலைமகள் நாவில் குடியேறிவிட்டாள்" என்றார் ஒருவர். நானும் கைதட்டினேன். மருத்துவம் படித்த கைகள் இவை. "தூங்கினீர்களா?" என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அவர் மனைவி தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, இவர் தூங்கி ஒரு வாரமாச்சு. தூக்கமெல்லாம் சாதாரண மனுஷங்களுக்குன்னு சொல்றார். வீட்டுப் பத்திரத்தைக் காணோம்" என்றார். பத்திரம் அடகுக் கடைக்குப் போயிருந்தது. நண்பர் ஏழு வாரம் மருத்துவமனையில் இருந்தார். கடன் தீர நான்கு ஆண்டு ஆயிற்று.

அவருக்கு வந்தது இருமுனை மனநோயின் ஒரு முனை. ஒரு முனையில் மனச்சோர்வு, மறுமுனையில் மனவெழுச்சி. இவ்விரண்டும் ஒரே மனிதரிடம் மாறி மாறி வரக்கூடும் என்பதைக் கப்படோசியா நாட்டு மருத்துவர் அரெடேயஸ் பண்டைக் காலத்திலேயே குறித்தார். ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பலின் 1899-இல் அவற்றை ஒரே நோயாக வகைப்படுத்தினார். இந்த மனவெழுச்சியையே மருத்துவ உலகம் மேனியா என்கிறது. மகிழ்ச்சியோ சினமோ அளவுகடந்து ஏறி, அதனுடன் ஆற்றலும் பெருகி, தூக்கத்தின் தேவை குறைந்து, பேச்சும் எண்ணமும் திட்டமும் செலவும் கட்டின்றிப் பெருகி, குறைந்தது ஒரு வாரம் நீடித்தால் அது மேனியா. நான் பித்து என்று இவ்வுரையில் சொல்வது இந்த ஒன்றை மட்டுமே.

இனி அளவுகோலுக்கு வருவோம். 1949-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், மேனியா நோயாளிகள் பத்துப் பேருக்கு லித்தியம் உப்பைக் கொடுத்துக் கண்ட பயனை வெளியிட்டார். இந்நோயின் மருத்துவத்தில் அது ஒரு திருப்பம். ஆனால் ஒரு மருந்து நல்லது என்று நிறுவ, 'நோயாளி அமைதியடைந்தார்' என்ற வருணனை மட்டும் போதாது. எவ்வளவு அமைதி? யார் பார்த்தாலும் அதே அளவுதானா? மருந்தில்லாத மாத்திரை கொடுத்தவரைவிட எவ்வளவு கூடுதல்? இவ்வினாக்களுக்கு எண் தேவைப்பட்டது. லித்தியத்தைக் குருதியில் கருவி கொண்டு அளக்கலாம். உயிர்க்காப்புக்காக அளந்தே தீரவேண்டும். மனவெழுச்சியைக் காட்டும் கருவி எதுவும் இல்லை. எதிரே அமர்ந்து, கண்ணால் பார்த்து, காதால் கேட்டு அளப்பதே வழி.

அப்படி அமைந்த கோல்களில் இன்றும் மிகப் பரவலாக வழங்குவது யங் மேனியா அளவுகோல். ராபர்ட் யங், பிக்ஸ், சீக்லர், மேயர் ஆகிய நால்வர் 1978-இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் அதை வெளியிட்டனர். அதில் 11 கூறுகள் உண்டு: உயர்ந்த மனநிலை, உடலியக்கமும் ஆற்றலும், பாலுணர்வு நாட்டம், தூக்கம், எரிச்சல், பேச்சின் வேகமும் அளவும், மொழியும் எண்ண ஒழுங்கும், எண்ணத்தின் உள்ளடக்கம், குழப்பம் விளைக்கும் நடத்தை, தோற்றம், இறுதியாகத் தன் நோயைத் தான் அறியும் அறிவு. மருத்துவர் 15 முதல் 30 நிமிடம் உரையாடி, கடந்த 48 மணி நேரத்தைப் பற்றி நோயாளி சொல்வதையும் தாம் நேரில் காண்பதையும் சேர்த்து மதிப்பெண் இடுகிறார்.

ஏழு கூறுகளுக்குச் சுழியம் முதல் 4 வரை. எரிச்சல், பேச்சு, எண்ணத்தின் உள்ளடக்கம், குழப்பம் விளைக்கும் நடத்தை என்னும் நான்குக்கு மட்டும் சுழியம் முதல் 8 வரை. ஆக மொத்தம் 60. இந்த நான்குக்கு ஏன் இரட்டிப்பு? நோய் முற்றியவர் எதிரே அமர்ந்து விடை சொல்லமாட்டார். அவர் உள்ளத்தைப் பற்றிக் கேட்க முடியாத நிலையிலும், அவர் கத்துவதையும் சினப்பதையும் ஓயாது பேசுவதையும் காணலாம், கேட்கலாம். ஒத்துழைக்க இயலாதவரின் நோய் எண்ணில் சிறுத்துப் போகாதிருக்கவே இந்த ஏற்பாடு.

இது நமக்கு முற்றிலும் புதிய செய்தியன்று. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன் வகுத்தார். அகத்தில் நிகழ்வது மெய்யின்கண் வெளிப்படும், கற்றவன் அதைக் கண்டறியலாம் என்ற நம்பிக்கையில் எழுந்தது அந்த இயல். அளவுகோலும் அதே நம்பிக்கையில் நிற்கிறது. தொல்காப்பியர் வகையைச் சொன்னார். இது அளவைச் சொல்ல முயல்கிறது.

அந்த அளவு நம்பத்தக்கதா? நம் ஆண்டுவிழாக் கவிதைப் போட்டியில் நடுவர் இருவர் ஒத்துப்போன வரலாறு இல்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். யங் குழுவினர் இரண்டு மருத்துவர்களைத் தனித்தனியே மதிப்பெண் இடச் செய்தனர். மொத்த மதிப்பெண்ணில் அவர்களுக்கிடையேயான ஒப்புமை 0.93, முழு ஒப்புமை என்பது 1. தனித்தனிக் கூறுகளில் அது 0.66 முதல் 0.92 வரை இருந்தது. மதிப்பெண் கூடியவர்கள் பின்னர் மருத்துவமனையில் தங்கிய நாள்களும் கூடியிருந்தன. இரண்டு வார மருத்துவத்துக்கு முன்னும் பின்னும் இருந்த வேறுபாட்டையும் கோல் காட்டிற்று. இதனால்தான் பிற்கால மருந்து ஆய்வுகள் பலவும் இதைக் கைக்கொண்டன. அவற்றுள் பலவற்றில் 20 மதிப்பெண்ணுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதில்லை. பாதியாகக் குறைந்தால் மருந்துக்குப் பயன் உண்டு என்றும், 12 அல்லது அதற்குக் கீழே வந்தால் நோய் தணிந்தது என்றும் கொள்வது வழக்கம்.

கவிஞர்களாகிய உங்களை இக்கோலின் இரண்டு இடங்கள் உறுத்தும். என்னையும் உறுத்தின.

முதலாவது, மனநிலை என்னும் கூறு. அதன் உச்சமாகிய நான்காம் படியில், களிப்பு, பொருந்தாச் சிரிப்பு, பாட்டுப் பாடுதல் என்று எழுதியிருக்கிறது. இரண்டாவது, மொழியும் எண்ண ஒழுங்கும் என்னும் கூறு. அதன் மூன்றாம் படியில், எண்ணங்கள் பறத்தல், தொடர முடியாத பேச்சு, பிறர் சொன்னதையே திருப்பிச் சொல்லுதல் ஆகியவற்றோடு ஒரு சொல் நிற்கிறது. அச்சொல் எதுகை.

ஆம், ஓசை ஒத்த சொற்களை அடுக்குவது நோய்க்குறி. அப்படியானால் யாப்பு கற்ற தமிழ்ப் புலவர் அனைவருக்கும் மூன்று மதிப்பெண்ணா? சிரிக்கிறீர்கள். ஆனால் விடை தெரிந்துகொள்ள வேண்டிய வினா இது. நானே புனைந்த எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்கிறேன். ஒருவரிடம் "காலையில் எங்கே போனீர்கள்?" என்று கேட்கிறோம். "கடைக்குப் போனேன், கடையில் குடை, குடைக்கு நடை, நடைக்குத் தடை, தடையை உடை, உடைதான் விடை" என்கிறார். இங்கே ஒவ்வொரு சொல்லையும் முந்திய சொல்லின் ஓசை இழுத்து வருகிறது. பொருள் பின்னால் ஓடி வந்து மூச்சு வாங்குகிறது. கேட்ட வினா எங்கோ நின்றுவிட்டது. கவிஞனும் இதே ஓசைகளைத்தான் கேட்கிறான். பத்துச் சொல் அவன் காதில் வந்து மோதுகின்றன. ஒன்பதை அனுப்பிவிட்டு ஒன்றை வைத்துக்கொள்கிறான். பாட்டுப் பாடுவதும் அவ்வாறே. பாடியவர் பாட்டை நிறுத்த முடிகிறதா என்பதே வினா. நண்பரின் நோட்டில் அடித்தல் இல்லை என்று சொன்னேன் அல்லவா? ஒரு வாசகனாக நான் முதலில் அஞ்சியிருக்க வேண்டிய அடையாளம் அதுதான்.

அந்த மாலையை இப்போது நினைவிலிருந்து அளந்து பார்க்கிறேன். முறைப்படி இது செல்லாது. நேரில் உரையாடியே அளக்க வேண்டும். எனினும் நமக்குப் பாடமாக அமையட்டும். மனநிலைக்கு 3. குறுக்கும் நெடுக்குமான நடைக்கு 3. பாலுணர்வு நாட்டம் பற்றி அறியேன், சுழியம். தூக்கமே தேவையில்லை என்றதற்கு 4. தலைவர்மீது எரிந்து விழுந்ததற்கு 4. இடைமறிக்க முடியாத மூன்று மணிநேரப் பேச்சுக்கு 8. எண்ணங்களின் பறப்புக்கு 3. தாம் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்ற பெருமித எண்ணத்துக்கு 6. உரத்த குரலுக்கு 2. இரட்டைச் சால்வைக்கு 2. தமக்கு மாற்றம் எதுவுமே இல்லை என்று நம்பியதற்கு 4. கூட்டினால் 39. மருந்து ஆய்வுகளின் நுழைவாயிலில் கேட்கப்படும் 20-ஐப்போல ஏறத்தாழ இரு மடங்கு. அந்த 39-க்குத்தான் நாம் கைதட்டினோம்.

கோலின் குறைகளையும் சொல்ல வேண்டும். இது நோயைக் கண்டுபிடிக்கும் கருவி அன்று. மேனியா என்று மருத்துவர் முடிவு செய்தபின் அதன் கடுமையை அளப்பது. மனச்சோர்வு முனையை இது அளப்பதில்லை. மேனியாவும் சோர்வும் கலந்து வரும் நிலையில், இந்த ஒரு கோலை மட்டும் நம்பினால் தற்கொலை எண்ணம் கண்ணுக்குத் தப்பும். மிகைப்பட்ட சமய ஈடுபாட்டுக்கு இதில் 4 மதிப்பெண். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து செல்பவரை அவ்வாறு அளந்தால் ஊரில் பாதிப்பேர் வார்டில் இருக்க வேண்டும். ஆண்டுதோறும் நடப்பவர் நடந்தால் அது விரதம். கோயில் பக்கமே போகாதவர் திடீரென்று நள்ளிரவில் வேலையைத் துறந்து நடந்தால் அங்கே கேள்வி உண்டு. ஆகவே ஒருவரை மற்றவரோடு ஒப்பிட்டு அளப்பது பிழை. அவரை அவருடைய வழக்கமான இயல்போடு ஒப்பிட வேண்டும். அந்த இயல்பை மருத்துவர் அறியார். வீட்டாரும் நண்பர்களுமே அறிவார்கள். இந்த வட்டம் அறியும்.

நோயாளி தாமே நிரப்பும் கோலும் உண்டு. ஆல்ட்மன் முதலியோர் 1997-இல் வெளியிட்டது, ஐந்தே வினாக்கள். மகிழ்ச்சி, தன்னம்பிக்கை, தூக்கத்தின் தேவை, பேச்சு, செயல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 4 வரை மதிப்பெண். 6 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைக் காண வேண்டும். நம் நண்பர் இப்போது வாரந்தோறும் ஞாயிறு காலையில் இதை நிரப்பி நாட்குறிப்பில் எழுதிவைக்கிறார்.

மருந்து கவிதையைக் கொன்றுவிடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நண்பரும் கேட்டார். அவருக்கு நான் சொன்னது அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் லோவலின் வாழ்க்கை. 1947-இல் புலிட்சர் பரிசு பெற்றவர். 1949-இல் மேனியாவுக்காக முதன்முதல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அதே ஆண்டில்தான் கேட் லித்தியத்தைப் பற்றி எழுதினார். அந்த மருந்து லோவலுக்குக் கிடைத்ததோ 1967-இல். இடைப்பட்ட 18 ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் மருத்துவமனை. குடும்பத்திலும் நட்பிலும் ஆறாத காயங்கள். லித்தியம் உட்கொண்ட பிறகு அவர் எழுதிய கவிதைகள் பல. 1974-இல் இரண்டாம் முறையும் புலிட்சர் பரிசு பெற்றார். மருந்து அவரை முற்றும் காத்தது என்று சொல்லமாட்டேன். 1970-களின் நடுவிலும் அவர் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது, 1977-இல் காலமானார். ஆனால் மருந்தினால் கவிதை வற்றியது என்று அவர் வாழ்க்கையைக் காட்டி ஒருவரும் வாதிட முடியாது. எழுதியதை விடாமல் திருத்திக்கொண்டே இருந்தவர் அவர் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். லித்தியத்தால் சிலருக்குக் கைநடுக்கம் வரும், சிலருக்கு எண்ணம் மந்தப்படுவதுபோல் தோன்றும். அவற்றை மறைக்க வேண்டியதில்லை. மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றலாம், மருந்தையும் மாற்றலாம். தாமே நிறுத்திவிடுவதுதான் ஆபத்து.

நிறைவாக, வட்டத்துக்கு என் விண்ணப்பம் இரண்டு. வழக்கத்துக்கு மாறாக ஒருவர் பெருகிப் பொழிந்தால், கைதட்டுங்கள், தட்டிய பிறகு தனியே அழைத்து, "தூங்கினீர்களா?" என்று கேளுங்கள். தூக்கம் வராமல் தவிக்கிறேன் என்பவரைவிட, தூக்கமே வேண்டியிருக்கவில்லை என்று உற்சாகமாகச் சொல்பவரைப் பற்றி மிகுதியாகக் கவலைப்படுங்கள். அன்றிரவே அவர் வீட்டாரிடம் பேசுங்கள். மருத்துவர் கிடைக்காவிட்டால் 14416 என்னும் அரசின் மனநல உதவி எண் உண்டு. இரண்டாவது, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நமக்கு ஓர் உரிமையைத் தந்திருக்கிறது. நலமாக இருக்கும்போதே, தமக்கு நோய் வந்தால் எத்தகைய மருத்துவம் வேண்டும், எது வேண்டாம், தமக்காக யார் முடிவெடுக்கலாம் என்று எழுதிவைக்கலாம். நம் நண்பர் எழுதிவைத்துவிட்டார். அந்த ஆவணத்தில் மட்டும் நிறைய அடித்தல் திருத்தல் இருந்தது. ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு எழுதியிருந்தார்.

அவர் இவ்வாண்டு எழுதிய கவிதைகள் ஐந்து. அவற்றுள் ஒன்று இம்மலரில் உள்ளது. எது என்று தேட வேண்டாம். ஐந்தும் நல்ல கவிதைகளா என்பதை அளக்க என்னிடம் கோல் இல்லை. அது உங்கள் வேலை.